தட்டுக்குள் சுழலும் சுருள் அலைகள்: செய்து பார்க்கவும் உடைத்துப் பார்க்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

தட்டையான பெட்ரி தட்டில் ஊற்றிய கரைசலில் நிற அலைகள் தாமாகவே கிளம்பிச் சுருண்டு சுழலும் சோதனை இது; பெலூசோவ்-ஜபோட்டின்ஸ்கி வினை என்பார்கள். இதை நான் முதன்முதலில் செய்தது வேலூரில், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில். கல்லூரி ஆய்வகம், மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. செய்முறையில் சொன்னபடி எல்லாவற்றையும் அளந்து கலந்து பெட்ரி தட்டில் ஊற்றினேன். சிவப்புக் கரைசலில் நீல வளையங்கள் கிளம்ப வேண்டும். கால் மணி நேரம் குனிந்து பார்த்தும் ஒன்றும் கிளம்பவில்லை. தட்டு முழுக்க ஒரே சிவப்பு, ஓரத்தில் நான்கைந்து குமிழி. என்னைவிட இருபது வயது மூத்த ஆய்வக உதவியாளர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், தண்ணி அந்தக் கேன்லருந்து எடுத்தீங்களா?"

"ஆமாண்ணே, டிஸ்டில்டு வாட்டர்தானே?"

"அது காலியாயி மூணு நாளாச்சு சார். பசங்க போர் தண்ணிய ஊத்தி வெச்சிக்கிறானுங்க."

அன்றைக்குத் தோற்றதற்கு அந்தத் தண்ணீர் ஒரு காரணம், வெயில் இன்னொன்று, மின்விசிறி மூன்றாவது. மூன்றையும் திருத்திய பிறகுதான் என் முதல் சுருள் சுழன்றது. கீழே சொல்வதெல்லாம் அப்படித் தட்டுத் தடுமாறிப் படித்தது. வேதியியல் முதுகலை மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் அப்படியே பின்பற்றலாம். ஆய்வகம் இல்லாதவர்கள் கணினிப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை யாரும் தாண்ட வேண்டாம்.

எரியும் புல், அகழித் தண்ணீர்

வேலூர்க் கோட்டை அகழியில் இரண்டு கல் எறியுங்கள். இரண்டு அலைவட்டங்கள் வந்து மோதும். ஒன்றை ஒன்று ஊடுருவி, ஒன்றுமே நடக்காததுபோல் அந்தப் பக்கம் போய்விடும். நாம் பார்க்கப்போகும் அலை அந்த ஜாதி இல்லை.

கோடையில் ஊரைச் சுற்றியுள்ள மலைச்சரிவில் காய்ந்த புல் தீப்பிடித்து, இரவில் ஒரு சிவப்புக் கோடாக ஊர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் எரியத் தயாரான புல், கோட்டில் எரியும் புல், பின்னால் கரி. எதிரெதிராக இரண்டு தீக்கோடுகள் வந்தால் சந்திக்கும் இடத்திலேயே இரண்டும் அணைந்துபோகும், ஏனென்றால் இருவருக்கும் பின்னால் எரிய எதுவும் மிச்சமில்லை. புல் மறுபடி முளைத்துக் காயும்வரை அந்த இடத்தில் தீ பிடிக்காது. அந்த இடைவெளியை இந்தக் கட்டுரை முழுக்க 'ஆறும் நேரம்' என்று சொல்கிறேன்.

சும்மா விட்டால் அமைதியாக இருக்கும், லேசாகச் சீண்டினால் அடங்கிவிடும், ஓர் எல்லையைத் தாண்டிச் சீண்டினால் முழு வேகத்தில் பற்றிக்கொள்ளும், பிறகு ஆறும் நேரம் எடுத்துக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும். இந்த நான்கு குணமும் உள்ள எதுவும் தூண்டல் ஊடகம்தான். நரம்பு அப்படி, இதயத் தசை அப்படி, நம் பெட்ரி தட்டுக் கரைசலும் அப்படி.

இப்போது ஒரு கற்பனை. தீக்கோடு பாதியில் அறுந்துவிடுகிறது. கரியான இடத்தில் புல்லும் சீக்கிரமே முளைத்துவிடுகிறது. அறுந்த நுனி என்ன செய்யும்? நேராக மட்டும் போகாது. பக்கவாட்டில் திரும்பி, பின்னால் புதிதாக முளைத்த புல்லுக்குள் வளைந்து நுழையும். நுழைந்ததும் அதற்குப் பின்னால் மறுபடி புல். இப்படித் தன் வாலைத் தானே துரத்தும் கோடு கொசுவத்திச் சுருள் மாதிரி ஆகிவிடும். தூண்டிவிட இனி யாரும் தேவையில்லை. சுருள் அலை பிறக்க வேண்டியது இவ்வளவுதான்: ஒரு அறுந்த நுனி, போதுமான வேகத்தில் ஆறும் ஊடகம்.

கரைசலுக்குள் நடப்பது

போரிஸ் பெலூசோவ் என்ற சோவியத் வேதியியலாளர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிட்ரிக் அமிலம், புரோமேட், சீரியம் மூன்றையும் அமிலத்தில் கலந்தபோது கரைசல் மஞ்சளாகவும் நிறமற்றதாகவும் மாறி மாறித் துடித்தது. வேதிவினை ஒரு திசையில்தான் ஓடும், முன்னும் பின்னும் ஊசலாடாது என்று நம்பிய இதழ்கள் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. கடைசியில் 1959-ல், கதிரியக்க மருத்துவக் கூட்டமொன்றின் தொகுப்பில் ஒரு சிறு குறிப்பாக அது வந்தது. 1961-ல் மாஸ்கோவில் ஆய்வு மாணவராக இருந்த அனத்தோலி ஜபோட்டின்ஸ்கி அதைக் கையில் எடுத்து, சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் மலோனிக் அமிலம் போட்டார். 1970-ல் அவரும் சைக்கினும் மெல்லிய படலத்தில் வட்ட அலைகளைக் காட்டினார்கள். 1972-ல் அமெரிக்கரான ஆர்தர் வின்ஃப்ரீ சுருள் அலைகளைப் பற்றி எழுதினார். பெலூசோவுக்கு 1980-ல் லெனின் பரிசு கிடைத்தது. அவர் இறந்து அப்போது பத்து ஆண்டு ஆகியிருந்தது.

வினையின் நுணுக்கம் நீளமானது. நமக்கு வேண்டியது இரண்டு ஆட்கள்தான். ஒருவர் புரோமஸ் அமிலம். தன்னைத் தானே பெருக்கிக்கொள்வார். பெருகும் வேகத்தில், நம் கலவையில் நிறம் காட்டும் இரும்புச் சேர்மமான ஃபெரோயினை ஆக்சிஜனேற்றம் செய்து சிவப்பை நீலமாக்குவார். இவர்தான் தீ. இன்னொருவர் புரோமைடு அயனி. புரோமைடு ஓர் அளவுக்கு மேல் இருக்கும்வரை புரோமஸ் அமிலத்தைத் தலைதூக்க விடாது. புரோமைடு தீரத் தீர, ஒரு கட்டத்தில் தீ பற்றும். நீலமாகிவிட்ட ஃபெரோயின், கரைசலில் உள்ள புரோமோமலோனிக் அமிலத்தோடு வினைபுரிந்து மறுபடி சிவப்பாகும்போது புரோமைடை வெளியே விடுகிறது. அதுதான் கரி, அதுதான் ஆறும் நேரம். ஃபீல்ட், கோரோஸ், நோய்ஸ் மூவரும் 1972-ல் இதை முழுதாக எழுதி முடித்தார்கள்.

என் போர் தண்ணீர் ஏன் கெடுத்தது என்பது இங்கே புரியும். குளோரைடு அயனியும் இந்த வினைக்குள் புகுந்து அதை அமுக்கிவிடும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் தொழிலில் பச்சைத் தோலுக்கு உப்பு போட்டுப் போட்டு, பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் உப்பு ஏறிக் கிடப்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'தண்ணீரில்லாத ஆறு' என்று வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. இருக்கிற தண்ணீரும் இந்தச் சோதனைக்கு ஆகாது என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் வேலை: தண்ணீர், வெயில், காற்று

வாங்கிய தண்ணீரை நம்பாதீர்கள். சோதனைக்குழாயில் 5 மில்லி எடுத்து, ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். லேசாகப் பால் கலங்கினாலும் குளோரைடு இருக்கிறது, வேண்டாம். தட்டையும் பிப்பெட்டையும் கடைசியாகக் கழுவுவதும் இதே நல்ல தண்ணீரில்தான். தட்டின் உள்பக்கத்தை வெறும் விரலால் தொடக்கூடாது. வியர்வை உப்பே போதும் ஒரு மூலையைக் கெடுக்க.

வெப்பநிலை 10 பாகை ஏறினால் இந்த வினையின் துடிப்புக் காலம் ஏறக்குறைய பாதியாகும். மே மாத வேலூரில் ஆய்வகமே 37, 38 பாகையில் இருந்தால், அலை ஓடுவதற்குள் குமிழிகள் நிறைந்துவிடும். கரைசல் சீக்கிரம் கிழடு தட்டும். மார்கழிக் காலையில் செய்தால் கை வைத்ததெல்லாம் வரும். கோடையில்தான் செய்தாக வேண்டுமென்றால், அகலமான தட்டத்தில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் ஐஸ் போட்டு 22 முதல் 25 பாகைக்குக் கொண்டுவந்து, பெட்ரி தட்டை அதன்மேல் ஒரு கண்ணாடித் தகட்டில் வையுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். திறந்த தட்டில் மேற்பரப்பு ஆவியாகிக் குளிர்ந்தால் கரைசலுக்குள் வெப்பச் சுழற்சி கிளம்பி, தேன்கூடு மாதிரி ஒரு கோலம் போடும். அதை வேதி அலை என்று நினைத்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். கரைசலை ஊற்றியதும் மூடி போட்டுவிட வேண்டும்.

கலவை

இது கல்லூரி ஆய்வக வேலை, வீட்டுச் சமையலறை வேலை இல்லை. அடர் சல்பியூரிக் அமிலமும், புரோமேட் போன்ற ஆக்சிஜனேற்றியும், நடுவில் கொஞ்ச நேரம் புரோமின் ஆவியும் வருகின்றன. பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, ஆவி வெளியேற்றும் பெட்டி (ஃப்யூம் ஹூட்) மூன்றும் வேண்டும். பள்ளி மாணவர்களுக்கு ஆசிரியர் செய்து காட்டட்டும். அவர்கள் கலக்க வேண்டாம்.

வின்ஃப்ரீ வழியில் வந்த, பல ஊர்களில் பல பேர் கைப்பட்ட அளவு இது. 67 மில்லி தண்ணீரில் 2 மில்லி அடர் சல்பியூரிக் அமிலத்தை மெதுவாக விட்டு (தண்ணீரில்தான் அமிலம், ஒருபோதும் மாற்றி அல்ல), ஆறியதும் 5 கிராம் சோடியம் புரோமேட்டைக் கரையுங்கள். வேறொரு குடுவையில் 10 மில்லி தண்ணீருக்கு 1 கிராம் சோடியம் புரோமைடு. இன்னொன்றில் 10 மில்லிக்கு 1 கிராம் மலோனிக் அமிலம். நான்காவது, கடையில் கிடைக்கும் 25 மில்லிமோலார் ஃபெரோயின். ஃபெரோயின் வாங்கும்போது குளோரைடு உப்பில் செய்ததா, சல்பேட்டில் செய்ததா என்று புட்டியைத் திருப்பிப் பாருங்கள். சல்பேட்தான் வேண்டும்.

சிறு பீக்கரில் முதல் கரைசல் 6 மில்லி, மலோனிக் அமிலக் கரைசல் 1 மில்லி, பிறகு புரோமைடு கரைசல் அரை மில்லி. உடனே டீ டிகாக்ஷன் நிறத்தில் புரோமின் எழும். ஆவி வெளியேற்றும் பெட்டிக்குள் மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருங்கள். ஓரிரு நிமிடத்தில் மலோனிக் அமிலம் அந்தப் புரோமினை விழுங்கி, கரைசல் தெளியும். முழுதாகத் தெளிவதற்கு முன் அவசரப்பட வேண்டாம். தெளிந்த பிறகு ஃபெரோயின் 1 மில்லி, ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த ட்ரைட்டான் எக்ஸ்-100 ஒரு சொட்டு. இந்தச் சொட்டு கரைசலைத் தட்டில் சமமாகப் படரவைக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு அதற்கு மாற்று ஆகாது. நன்றாகக் கலக்கி, 90 மில்லிமீட்டர் தட்டில் ஊற்றி, மூடுங்கள்.

மொத்தம் 8.5 மில்லி, அந்த அகலத்தில் ஆழம் 1.3 மில்லிமீட்டர் சொச்சம் வரும். கரைசல் மிஞ்சுகிறதே என்று அதிகம் ஊற்றாதீர்கள். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் அலை செங்குத்தாக நிற்காமல் உள்ளுக்குள் சாய்ந்து சுருண்டுகொள்ளும். மேலிருந்து பார்ப்பது அதன் நிழல் மட்டும்தான்.

முதலில் தட்டு முழுக்க ஒன்றிரண்டு முறை நீலமாகி மீண்டும் சிவக்கலாம். பிறகு தூசியோ கீறலோ உள்ள இடத்தில் ஒரு நீலப் புள்ளி. புள்ளி விரிந்து வளையமாகும். நடுவில் மறுபடி சிவப்பு, மறுபடி புள்ளி. வளையங்கள் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் நடக்கும். வளையம் தானாக வராவிட்டால் சுத்தமான வெள்ளிக் கம்பியின் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். வெள்ளி அந்த இடத்துப் புரோமைடைப் பிடித்துக்கொள்வதால் தீ பற்றும். வீட்டில் கழன்று கிடக்கும் கொலுசுக் கண்ணி வேண்டாம். அதில் ஏறியிருக்கும் வியர்வை உப்பு வேறு கதை.

இரண்டு வளையங்கள் மோதும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். அகழித் தண்ணீரில் நடந்தது இங்கே நடக்காது. தொட்ட இடத்தில் இரண்டும் காணாமல் போகும்.

சுருளை உண்டாக்குதல்

வளையத்துக்கு நுனி கிடையாது. நுனி வேண்டுமென்றால் வளையத்தை வெட்ட வேண்டும். நான்கைந்து வளையம் சேர்ந்ததும் தட்டை ஒரு பக்கம் மெதுவாகச் சாய்த்து, உடனே திரும்ப வையுங்கள். குலுக்கக் கூடாது, சாய்க்கத்தான் வேண்டும். கரைசல் வழுக்கி ஓடும் இடத்தில் அலை கிழியும். இன்னும் நிதானமாகச் செய்ய நினைத்தால் பிப்பெட் நுனியை அலைக்கு மேலே வைத்து, அதன் குறுக்கே காற்றை லேசாக ஊதித் தள்ளுங்கள்.

ஒரு வெட்டில் இரண்டு நுனி கிடைக்கும். ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுருளத் தொடங்கும். போகப் போக இவை தட்டை ஆக்கிரமித்துவிடும். காரணம் எளிது. சுருள் ஒரு சுற்றை முடிக்கும் நேரம், வளைய மையங்கள் அடுத்த வளையத்தை அனுப்பும் நேரத்தைவிடக் குறைவு. வேகமாக அடிப்பவன் மெதுவாக அடிப்பவனின் எல்லைக்குள் சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் நுழைந்துகொண்டே போகிறான். கடைசியில் வளையங்கள் எல்லாம் அழிந்து, சுருள்கள் மட்டும் மிஞ்சும்.

இனிமேல்தான் பலரும் செய்யும் தவறு. சுருளின் அழகான கைகளை, அதாவது நுனியிலிருந்து வெளியே விரியும் வளைவுகளை, படம் பிடித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். கைகள் நுனி சொல்வதைத்தான் கேட்கின்றன. இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: கைகளை விட்டுவிட்டு நுனியைப் பாருங்கள்.

நுனியைத் தொடர்வது

தட்டுக்குக் கீழே எல்இடி விளக்கு, இடையே பச்சை ஜெலட்டின் தாள். சிவப்பு ஃபெரோயின் நீலப்பச்சை ஒளியை உறிஞ்சுவதால் கரைசல் இருட்டாகவும் அலைகள் பளிச்சென்றும் தெரியும். மேலே ஸ்டாண்டில் கைபேசி. தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு 2 நொடிக்கு ஒரு படம். பிறகு கணினித் திரையில் ட்ரேசிங் தாளை ஒட்டி, ஒவ்வொரு படத்திலும் நுனி இருக்கும் இடத்தைப் பென்சிலால் குத்திக்கொண்டே போங்கள். மென்பொருள் செய்யுமே என்பீர்கள். செய்யும். ஆனால் கையால் ஐம்பது புள்ளி வைத்தவருக்குத்தான் நுனி எந்த இடத்தில் தயங்குகிறது என்பது தெரியவரும்.

நுனி ஏன் தயங்குகிறது? வளைந்த அலைமுகப்பு நேரானதைவிட மெதுவாகப் போகும். குவிந்த முகப்பிலிருந்து விரவிச் செல்லும் புரோமஸ் அமிலம் முன்னால் உள்ள அகன்ற பரப்பைப் பற்றவைக்க வேண்டியிருப்பதால் பலம் சிதறுகிறது. கணக்கு சுருக்கமானது: நேரான அலையின் வேகத்திலிருந்து, விரவல் எண்ணை (பொருள் கரைசலில் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதன் அளவு) வளைவு ஆரத்தால் வகுத்த அளவைக் கழிக்க வேண்டும். விரவல் எண் நொடிக்கு 0.00002 சதுர சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 6 மில்லிமீட்டர் என்றால், ஆரம் 20 மைக்ரோமீட்டருக்கு வரும்போது வேகம் பூஜ்யம். அதைவிடச் சிறிய வட்டத்தைப் பற்றவைத்தால் அது விரியாமலே அணையும். ஃபோர்ஸ்டர், முல்லர், ஹெஸ் மூவரும் 1988-ல் இதை நுண்ணோக்கியில் அளந்து காட்டினார்கள். நுனிதான் சுருளிலேயே அதிகம் வளைந்த இடம். எனவே அது முன்னேறவும் முடியாமல், பின்வாங்கவும் முடியாமல் ஒரு சிறு வட்டத்தைச் சுற்றியே நடக்கிறது. அந்த வட்டத்தின் உட்புறம் ஒருபோதும் பற்றுவதில்லை. அதைச் சுருளின் கரு என்கிறோம்.

நிலைகுலைவு ஒன்று: நுனி திரிதல்

உங்கள் தாளில் புள்ளிகள் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அது திடமான சுருள். பெரும்பாலும் அப்படி விழாது. வட்டம் முடியும் இடத்தில் சற்றே விலகி, அடுத்த வட்டம் இன்னொரு பக்கம் சாய்ந்து, பத்துப் பன்னிரண்டு சுற்றில் ஒரு பூ விரியும். சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைச் சுற்றி வளைந்து அடுத்ததற்குப் போவதுபோல. சில கலவைகளில் இதழ்கள் வெளிப்பக்கம் பார்க்கும், சிலவற்றில் உள்பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு விசித்திரமான எல்லை உண்டு. அங்கே பூ மூடிக்கொள்ளவே மூடாது. நுனி சுழி போட்டுக்கொண்டே நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருக்கும்.

இதில் மாயம் இல்லை. நுனி தன் பழைய வாலின் மேல் நடக்கிறது. வால் முழுதாக ஆறியிருந்தால் தடை இல்லை. அரைகுறையாக ஆறியிருந்தால் நுனி கொஞ்சம் ஒதுங்கிப் போகும். ஒதுங்கிய தடத்தில் அடுத்த சுற்றில் ஆறிய அளவு வேறாக இருக்கும். எனவே மறுபடி வேறு மாதிரி ஒதுங்கும். சுழலும் காலம் ஒன்று, ஒதுங்கி மீளும் காலம் இன்னொன்று. இரண்டும் பொருந்தாதபோது பூ, பொருந்தும்போது நேர்க்கோடு. டுவைட் பார்க்லி 1990-களில் ஓர் எளிய கணித மாதிரியில் இதைத் தெளிவாக்கினார். அமிலத்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரிசையாக ஐந்து தட்டு போட்டுப் பார்த்தால் கருவின் அளவும் பூவின் வடிவமும் மாறுவதை நீங்களே காணலாம். ஒரே தட்டிலும் நேரம் போகப் போக மாறும், ஏனென்றால் மூடிய தட்டில் பொருள்கள் தீர்ந்துகொண்டே வருகின்றன. எனவே எந்தப் பூவுக்குப் பக்கத்திலும், ஊற்றி எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுதிவையுங்கள்.

நிலைகுலைவு இரண்டு: உடைதல்

திரிதல் தானே ஆபத்து இல்லை. அது அளவு மீறும்போது சுருள் உடைகிறது. உடைவது எங்கே என்பதைக் கவனிப்பதுதான் முக்கியம், ஏனென்றால் இரண்டு வெவ்வேறு வழிகள் இருக்கின்றன.

காட்பாடி ஜங்ஷன் நடைமேடையில் நின்றிருக்கிறீர்களா? நிற்காமல் போகும் ரயில் நெருங்கும்போது ஹாரன் கீச்சென்றும், கடந்த பிறகு தணிந்தும் கேட்கும். திரியும் நுனியும் அப்படித்தான். நுனி எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் அலைகள் நெருக்கமாக அடுக்கப்படும். மறுபக்கம் இடைவெளி விடும். நெருங்கிய பக்கத்தில் இரண்டு அலைக்கு நடுவே உள்ள நேரம், ஊடகம் ஆறும் நேரத்துக்கும் கீழே போனால் பின்னால் வரும் அலைக்குப் பிடிக்கப் புல் இல்லை. அந்த இடத்தில் அது அறுந்துபோகும். அறுந்தால் இரண்டு நுனி. இரண்டு நுனியும் இரண்டு சுருள். அவையும் திரியும், அவையும் உடைக்கும். கருவுக்குப் பக்கத்திலேயே தொடங்கும் இந்த உடைவுக்கு டாப்ளர் நிலைகுலைவு என்று பெயர். சி ஓயாங், ஹாரி ஸ்வின்னி ஆகியோரின் குழு 2000-ல் இதே வினையில் அதைக் காட்டியது.

மற்றது தொலைவில் நடப்பது. கரு அமைதியாகச் சுழன்றுகொண்டிருக்கும், முதல் சில சுற்றுகள் ஒழுங்காக இருக்கும். ஆனால் அலை இடைவெளியில் இருக்கும் ஒரு சிறு ஏற்றத்தாழ்வு வெளியே போகப் போக வளர்ந்து, கடைசியில் ஓரத்தில் உடையும். நடுவில் ஒழுங்கான சுருள், சுற்றிலும் கலவரம். 1996-ல் ஓயாங்கும் ஃப்ளெசெலும் இதைச் சோதனையில் காட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை: தட்டு சிறியதாக இருந்தால் இதைப் பார்க்கவே முடியாது. வளர்வதற்குள் கோளாறு தட்டின் விளிம்பைத் தொட்டு வெளியேறிவிடும். 'என் தட்டில் சுருள் நிலையாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது தட்டின் அகலத்தைத்தான்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன கலவையில், மூடிய தட்டில், திரிதல் வரை நன்றாகப் பார்க்கலாம். முழுக் கொந்தளிப்பைப் பார்ப்பது கடினம். அதற்கு ஒரு மெல்லிய நுண்துளைக் கண்ணாடித் தகட்டின் இருபுறமும் புதிய கரைசல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் கருவி வேண்டும். அந்த ஆய்வாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். நமக்கு அதற்குக் கணினி இருக்கிறது.

கணினியில் உடைத்துப் பார்த்தல்

பார்க்லியின் மாதிரியைச் சற்றே மாற்றி, மார்க்குஸ் பேரும் ஐஸ்விர்த்தும் 1993-ல் தந்த மாதிரியைப் பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் ஒரே ஒரு திருகைத் திருப்பினால் எல்லா நிலையும் வந்துவிடும். பலகையின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்கள்: 'உ' என்பது தீ, 'வ' என்பது கரி.

உ மாறும் வேகம் = உ × (1 − உ) × (உ − (வ + பி) ÷ ஏ) ÷ எப்சிலான் + உ-வின் விரவல்

வ மாறும் வேகம் = க(உ) − வ

இதில் க(உ) என்பது, உ மூன்றில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் 0. 1-க்கு மேலே 1. நடுவில் 1 − 6.75 × உ × (உ − 1)². அதாவது தீ நன்றாகப் பிடித்த பிறகுதான் கரி சேரத் தொடங்கும். இந்தத் தாமதம்தான் உடைவுக்கு வழி செய்கிறது. ஏ = 0.84, பி = 0.07 என்று நிறுத்திவிடுங்கள். எப்சிலான்தான் திருகு.

பைத்தான் நிரல்மொழியில் 256-க்கு 256 கட்டப் பலகை, கட்ட இடைவெளி 0.25, நேர அடி (ஒவ்வொரு கணக்குக்கும் நேரம் நகரும் அளவு) 0.01. விரவலுக்கு நான்கு அண்டைக் கட்டங்களைக் கூட்டி, நடுக் கட்டத்தின் நான்கு மடங்கைக் கழித்து, இடைவெளியின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். நேர அடியை 0.02 ஆக்கினால் இந்த இடைவெளிக்குக் கணக்கு வெடித்துவிடும். திரை முழுக்கச் சதுரங்கக் கட்டம் மாதிரி கறுப்பும் வெள்ளையும் வந்தால் காரணம் அதுதான், புதுக் கண்டுபிடிப்பு இல்லை. விளிம்பில் எதுவும் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் அடைத்துவிடுங்கள். தொடக்கத்தில் பலகையின் இடப் பாதியில் உ = 1, மற்றதில் 0; கீழ்ப் பாதியில் வ = 0.42, மேலே 0. நடுவில் ஒரு நுனி தானாக அமையும். தட்டைச் சாய்த்ததற்குப் பதில் இது.

எப்சிலான் 0.04-ல் தொடங்குங்கள், சுருள் சமர்த்தாகச் சுழலும். 0.06-ஐத் தாண்டி நூறில் ஒரு பங்குக்கும் குறைவான அடிகளாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் உ = 0.5 கோடும் வ = 0.35 கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் குறித்தால் அதுதான் நுனி. முதலில் வட்டம், பிறகு பூ, பூ பெரிதாகும். 0.07-ஐத் தாண்டியதும் கருவுக்குப் பக்கத்தில் ஓர் அலை மெலிந்து அறுவதைக் காண்பீர்கள். அந்த முதல் அறுப்பை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கைகள் நெருங்கிய பக்கத்தில்தான் அது நடக்கும். 0.08-ல் பலகை முழுக்கத் துண்டு துண்டான சுருள்கள். பிறந்து, இரண்டு மூன்று சுற்றிலேயே மடிந்து, மறுபடி பிறக்கும்.

இப்போது திருகைத் திருப்பி 0.04-க்கே கொண்டுவாருங்கள். கொந்தளிப்பு அடங்கும். ஆனால் பழைய ஒற்றைச் சுருள் வராது. மிஞ்சிய நுனிகள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருளாகி, தத்தம் எல்லையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

ஐடா ஸ்கடர் சாலையில்

வேலூர்க்காரருக்கு இந்தச் சங்கதி தட்டோடு முடிவதில்லை. சிஎம்சி மருத்துவமனை வாசலில், மருந்துக்கடை முன்னால், வங்காளத்திலிருந்து வந்த யாரோ ஒருவர் இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட இசிஜி தாளை விரித்துப் பிடித்திருப்பதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறோம். இதயத் தசையும் தூண்டல் ஊடகம். அதில் மின் அலை அறுந்து சுருண்டால், இதயம் தன் இயல்பான கட்டளையைக் கேட்காமல் சுருளின் வேகத்துக்குத் துடிக்கும். 1992-ல் டேவிடென்கோவும் ஜாலிஃபும் சகாக்களும் தனியே எடுத்த இதயத் தசையில், மின்னழுத்தத்துக்கு ஒளிரும் சாயம் பூசி, அந்தச் சுருளைக் கண்ணால் பார்த்தார்கள். அது உடைந்து பலவாகும் நிலைதான், இதயத்தின் கீழறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கீழறை நடுக்கத்துக்கு முக்கியமான விளக்கமாகக் கருதப்படுகிறது. மார்பில் வைக்கும் மின்னதிர்ச்சி ஒவ்வொரு சுருளாகத் தேடிப் போவதில்லை. தசை முழுவதையும் ஒரே நேரத்தில் பற்றவைத்து, எந்த நுனிக்கும் நுழைய இடமில்லாமல் செய்கிறது.

அதையும் தட்டில் செய்து பார்க்கலாம். எல்லாப் படமும் எடுத்து முடித்த பிறகு, சாய்க்காமல் நன்றாகச் சுழற்றிக் குலுக்குங்கள். அத்தனை சுருளும் ஒரே நொடியில் போய், தட்டு முழுக்க ஒரே நிறம். கீழே வைத்தால் சில நிமிடத்தில் எங்கோ ஒரு மூலையில் முதல் நீலப் புள்ளி. வளையம்தான் வரும், யாரும் வெட்டாதவரை சுருள் வராது.

கடைசியாகக் கழுவல். ஆவி வெளியேற்றும் பெட்டிக்குள் வைத்தே, தட்டில் சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பழுப்பு நிறம் எதுவும் மிஞ்சாமல் போனதும், சமையல் சோடா தூவி நுரை அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு கழிவுப் புட்டியில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டுங்கள். தொட்டியில் ஊற்றாதீர்கள், இந்த ஊர் நிலத்தடிக்கு ஏற்கெனவே போதும் போதுமென்று ஆகிவிட்டது. கையோடு டிஸ்டில்டு வாட்டர் கேனையும் மூடி, மேலே தடித்த எழுத்தில் 'குழாய்த் தண்ணீர் ஊற்றாதே' என்று எழுதிவிடுங்கள். நான் எழுதியிருக்கிறேன்.